விண்ணில் விந்தைக் குடும்பங்கள்

இரவு வானத்தை அண்ணாந்து பார்த்து வியக்காதவர் நம்மில் யார் உண்டு? மின்சாரம் நின்றுபோன கோடை இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, விண்மீன்களை எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாமலே உறங்கிப்போன அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த விண்மீன்கள் ஒவ்வொன்றும் நம் கதிரவனைப் போலத் தானே ஒளிரும் ஒரு பெரும் வாயுக் கோளம் என்று வகுப்பில் படிக்கிறோம். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. நம் கதிரவனைக் கோள்கள் சுற்றி வருவது போல, அந்தத் தொலைதூரக் கதிரவன்களையும் கோள்கள் சுற்றி வருகின்றனவா? சுற்றி வருமானால் அந்தக் குடும்பங்கள் நம் குடும்பத்தைப் போலவே இருக்குமா?

இக்கேள்விக்கு விடை காண மனிதன் பல நூற்றாண்டுகள் காத்திருந்தான். விடை கிடைத்தபோது அவன் திகைத்துப் போனான். அந்தத் திகைப்பின் கதையைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

நம் வீட்டின் ஒழுங்கு

முதலில் நம் வீட்டைப் பார்த்துக்கொள்வோம். கதிரவனுக்கு அருகில் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்னும் நான்கு சிறிய கோள்கள் உள்ளன. இவை பாறையால் ஆனவை. அவற்றிற்கு அப்பால் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்னும் நான்கு பெருங்கோள்கள் உள்ளன. எட்டுக் கோள்களும் ஒரே திசையில் சுற்றுகின்றன. ஏறத்தாழ ஒரே தளத்தில், ஏறத்தாழ வட்டமான பாதைகளில் செல்கின்றன. ஒன்றன் வழியில் மற்றொன்று குறுக்கிடுவதில்லை.

இந்த ஒழுங்குக்கு வானியலார் ஓர் அழகான விளக்கமும் தந்தனர். கதிரவன் பிறந்தபோது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் ஒரு தட்டைப் போலச் சுழன்றுகொண்டிருந்தன. கதிரவனுக்கு அருகே வெப்பம் மிகுதி. ஆகவே அங்கே பாறையும் உலோகமும் மட்டுமே திரண்டு சிறு கோள்களாயின. தொலைவில் குளிர் மிகுதி. அங்கே பனிக்கட்டியும் சேர்ந்து பெரிய உருண்டைகள் உருவாகி, சுற்றியிருந்த வாயுவையும் இழுத்துக்கொண்டு பெருங்கோள்களாயின. எனவே எந்த விண்மீனைச் சுற்றிக் கோள்கள் இருந்தாலும், சிறியவை அருகிலும் பெரியவை தொலைவிலுமே இருக்கும் என்று பலரும் முடிவு கட்டினர்.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. தன் வீட்டைத் தவிர வேறு வீட்டையே பாராத ஒரு சிறுமி, எல்லா வீடுகளிலும் முன்னால் திண்ணையும் பின்னால் கிணறும் இருக்கும் என்று நினைத்தால் எப்படி இருக்கும்? ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாக் குடும்பங்களுக்கும் சட்டம் எழுதிய நிலையில்தான் நாமும் இருந்தோம்.

பாரிஸ் ஆயரின் எச்சரிக்கை

வேறு உலகங்கள் உண்டா என்ற கேள்வி புதியதன்று. உலகம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கற்பித்தார். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய நூல்கள் பெரும் மதிப்புப் பெற்றிருந்தன. 1277ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் பாரிஸ் நகரின் ஆயர் எத்தியன் டாம்பியே 219 கருத்துகளைக் கற்பிக்கக் கூடாதென்று தடை செய்தார். அவற்றுள் ஒன்று, எல்லாவற்றிற்கும் மூலமான இறைவனால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்பதாகும்.

அக்காலத்தில் உலகம் என்ற சொல் பூமியையும் அதைச் சூழ்ந்த வானம் முழுவதையும் சேர்த்தே குறித்தது. பல உலகங்கள் இருக்கின்றன என்று ஆயர் சொல்லவில்லை. நாம் ஒன்றைத்தான் கண்டிருக்கிறோம் என்பதற்காக, இறைவனால் ஒன்றைத்தான் படைக்க இயலும் என்று எல்லை கட்டாதீர்கள் என்பதே அந்தத் தடையின் உட்கருத்து. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் வானியலார் கற்றுக்கொண்ட பாடமும் ஏறத்தாழ இதுவே என்பதை இக்கட்டுரையின் முடிவில் உணர்வோம்.

காண முடியாததைக் காணும் வழி

வேற்று விண்மீனைச் சுற்றும் கோளை நேரில் காண்பது மிக அரிது. கதிரவனின் ஒளி, வியாழன் திருப்பி அனுப்பும் ஒளியைப் போல ஏறத்தாழ நூறு கோடி மடங்கு பெரிது. கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியைப் பல கல் தொலைவிலிருந்து தேடுவது போன்றது இந்த வேலை. ஆகவே கோளைத் தேடாமல், கோளால் விண்மீனுக்கு நேரும் மாறுதலைத் தேடும் வழிகளை வானியலார் கண்டனர்.

நாம் சிறுவயதில் கைகோத்துத் தட்டாமாலை சுற்றியிருக்கிறோம் அல்லவா? பெரிய பெண்ணொருத்தி சிறுமியின் கைகளைப் பிடித்துச் சுற்றும்போது சிறுமிதான் பெரிய வட்டம் போடுகிறாள். ஆனாலும் பெரியவள் அசையாமல் நிற்பதில்லை. அவளும் ஒரு சிறு வட்டம் போடுகிறாள். விண்மீனும் அப்படியே. கோளின் ஈர்ப்பினால் அது சற்றே நம்மை நோக்கி வருகிறது. பிறகு சற்றே விலகிச் செல்கிறது. நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும், கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்பது போல, விண்மீன் நெருங்கும்போது அதன் ஒளி நீலப் பக்கமாகவும் விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் மிகச் சிறிதளவு நகர்கிறது. நிறமாலையை அளந்து இந்த அசைவை அறியலாம். வியாழனால் நம் கதிரவனுக்கு ஏற்படும் அசைவு விநாடிக்குச் சுமார் 12 மீட்டர்தான்.

மற்றொரு வழி மறைப்பு. 2012ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் காலையில் வெள்ளிக் கோள் ஒரு கரும்புள்ளியாகக் கதிரவனைக் கடந்து சென்றதை நம் நாட்டில் பலர் கண்டனர். அதே போல ஒரு கோள் தன் விண்மீனின் குறுக்கே செல்லும்போது அதன் ஒளி சற்றே குறைகிறது. வியாழன் அளவுள்ள கோள் ஒன்று கதிரவன் அளவுள்ள விண்மீனை மறைத்தால், நூற்றில் ஒரு பங்கு ஒளி குறையும். இக்குறைவு ஒழுங்கான கால இடைவெளியில் திரும்பத் திரும்ப நிகழுமாயின், அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று கருதி மேலும் ஆராய்கின்றனர்.

சென்னையிலிருந்து எழுந்த குரல்

இத்தேடலின் தொடக்க நாள்களில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகத்தைக் கட்டியது. 1855ஆம் ஆண்டில் அதன் தலைவராக இருந்த கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். ஒன்றையொன்று சுற்றும் அவ்விரு விண்மீன்களின் இயக்கம் கணக்கோடு சரியாகப் பொருந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருப்பது பெரிதும் சாத்தியம் என்று அவர் அறிவித்தார்.

பின்னர் அமெரிக்காவில் சீ என்பவரும் அதே விண்மீனில் மறைந்திருக்கும் துணையொன்று உண்டு என்றார். ஆனால் 1899ஆம் ஆண்டில் மோல்டன் என்னும் அறிஞர், அவர் சொன்ன பாதையில் அத்தகைய ஒன்று நிலைத்திருக்க இயலாது என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்றுவரை அங்கே எந்தக் கோளும் உறுதியாகவில்லை. அக்காலக் கருவிகளின் அளவுப் பிழைகளே ஜேக்கப்பை அந்த முடிவுக்குக் கொண்டு சென்றன. அவர் கண்ட விடை தவறுதான். ஆனால் அவர் தேடிய வழி சரியானது. விண்மீனின் அசைவைக் கொண்டு கோளை அறியலாம் என்னும் எண்ணமே பிற்காலத்தில் வெற்றி பெற்றது.

20ஆம் நூற்றாண்டில் இதே போன்ற மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்காவில் பீட்டர் வான் டி காம்ப் என்பவர், நமக்கு 6 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் பர்னார்டு விண்மீனை 1938 முதல் படம் பிடித்து வந்தார். ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் செல்லும் தூரம்; அதாவது சுமார் 9.5 இலட்சம் கோடி கிலோமீட்டர். அந்த விண்மீனை ஒரு பெருங்கோள் சுற்றுகிறது என்று 1963ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் மற்றவர்கள் அளந்து பார்த்தபோது அந்த அசைவு தென்படவில்லை. அசைந்தது விண்மீன் அன்று. தொலைநோக்கியின் கண்ணாடியைச் சீர்படுத்தியபோது நேர்ந்த சிறு மாற்றமே படங்களில் அசைவாகத் தோன்றியது. ஆயினும் வான் டி காம்ப் தம் முடிவைக் கைவிடவில்லை. 1995இல் அவர் காலமானார்.

ஒப்புக்கொண்டவருக்குக் கிடைத்த கைதட்டல்

1967ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், வானிலிருந்து கடிகாரம் போல ஒழுங்காகத் துடிக்கும் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்தார். இவை பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்களிலிருந்து வருபவை. பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறிய பின் எஞ்சி நிற்கும் மிகச் சிறிய, மிகக் கனத்த உள்ளுடலே பல்சார். இக்கண்டுபிடிப்பிற்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தபோது அது அவருடைய பேராசிரியருக்குச் சென்றது, மாணவிக்குக் கிடைக்கவில்லை. 2018ஆம் ஆண்டில் தமக்கு வந்த 30 இலட்சம் டாலர் பரிசுத் தொகை முழுவதையும், இயற்பியல் படிக்க வாய்ப்புக் குறைந்த மாணவ மாணவியருக்காக அவர் வழங்கிவிட்டார்.

பல்சாரின் துடிப்பு மிக ஒழுங்கானது. அதில் சிறு முன்பின் தெரிந்தால், அதை ஏதோ ஒன்று இழுக்கிறது என்று பொருள். 1991ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லைன் என்பவரும் அவர் தோழர்களும் ஒரு பல்சாரை ஆறு மாதத்திற்கு ஒரு முறை சுற்றிவரும் கோளைக் கண்டதாக அறிவித்தனர். உலகமே பாராட்டியது. ஆனால் ஆறு மாதம் என்பது நம் பூமியின் ஆண்டில் சரிபாதி அன்றோ? லைன் தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். பூமியின் பாதை சரியான வட்டமன்று, நீள்வட்டம். அதைக் கணக்கில் சரியாகச் சேர்க்காததால் நேர்ந்த பிழையே கோளாகத் தோன்றியது என்று கண்டார்.

1992 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வானியலார் மாநாடு கூடியது. தாம் கண்ட கோளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்த லைன் மேடையேறி, "அந்தக் கோள் இல்லை, அது எங்கள் தவறு" என்ற கருத்தை எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படையாகச் சொன்னார். கூடியிருந்த அறிஞர்கள் அவரை ஏளனம் செய்யவில்லை. நெடுநேரம் கைதட்டினர். நம் வகுப்பில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டு, அதை ஒப்புக்கொள்ள எத்தனை தயங்குகிறோம்! உலகம் முழுதும் புகழ்ந்த பின் தவறென்று சொல்வதற்கு எத்துணை மனத்துணிவு வேண்டும்!

வியப்பு என்னவென்றால், உண்மையான கோள்களைக் கண்டவரும் அதே மாநாட்டில் பேசினார். போலந்து நாட்டவரான அலெக்சாண்டர் வோல்ஷான், புவெர்ட்டோ ரீக்கோத் தீவின் அரசிபோவில் இருந்த மாபெரும் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு, 1990இல் விநாடிக்கு 161 முறை சுழலும் ஒரு பல்சாரைக் கண்டுபிடித்திருந்தார். அதை இரு கோள்கள் சுற்றுவதை அவரும் டேல் ஃபிரெய்ல் என்பவரும் 1992 ஜனவரியில் வெளியிட்டனர். லைனுக்கு நேர்ந்த பிழை தமக்கும் நேரக்கூடாதென்று, பல்சாரின் இருப்பிடத்தை வேறொரு தொலைநோக்கியாலும் அவர்கள் அளந்து சரிபார்த்திருந்தனர். பூமியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு எடையுள்ள அவ்விரு கோள்களுக்கு ஓராண்டு என்பது 66 நாள்களும் 98 நாள்களுமாகும். பின்னர் மூன்றாவதாக ஒரு சிறு கோளும் அங்கே இருப்பது தெரியவந்தது.

ஆக, கதிரவனுக்கு அப்பால் மனிதன் முதன்முதலில் உறுதியாகக் கண்ட கோள்கள், உயிருள்ள விண்மீனைச் சுற்றவில்லை. இறந்துபோன விண்மீனைச் சுற்றின! வெடிப்பிற்குப் பின் எஞ்சிய பொருள்களிலிருந்தே அவை பிறந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். இடிந்த வீட்டின் கற்களால் எழுப்பிய புதிய வீட்டைப் போன்றது அக்குடும்பம்.

நான்கு நாளில் ஓராண்டு

நம் கதிரவனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் கோள் 1995ஆம் ஆண்டில் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா வானாய்வகத்தைச் சேர்ந்த மிஷேல் மேயரும் அவருடைய மாணவர் டிடியே கெலோவும், 50 ஒளியாண்டு தொலைவிலுள்ள 51 பெகாசி என்னும் விண்மீன் அசைவதைக் கண்டனர். அதைச் சுற்றும் கோள் வியாழனில் ஏறத்தாழப் பாதி எடையுள்ள பெருங்கோள். ஆனால் அது தன் விண்மீனை ஒரு முறை சுற்றி வர எடுத்துக்கொள்வது 4.2 நாள்களே! நம் வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. கதிரவனுக்கு மிக அருகிலுள்ள புதனுக்கே 88 நாள்கள் ஆகின்றன. தன் விண்மீனிலிருந்து 80 இலட்சம் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், சுமார் 1,000 டிகிரி வெப்பத்தில் அந்தப் பெருங்கோள் சுழல்கிறது. பெரியவை தொலைவில்தான் இருக்கும் என்ற சட்டம் ஒரே நாளில் உடைந்தது.

சில நாள்களிலேயே அமெரிக்க வானியலார் இருவர் தம் தொலைநோக்கியால் பார்த்து அதனை உறுதி செய்தனர். 2019ஆம் ஆண்டில் மேயரும் கெலோவும் நோபல் பரிசில் பாதியைப் பெற்றனர்.

இத்தகைய கோள்கள் இருக்கலாம் என்று ஆட்டோ ஸ்ட்ரூவ் என்னும் வானியலார் 1952ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். பெருங்கோள் ஒன்று தன் விண்மீனுக்கு மிக அருகில் சில நாள்களில் சுற்றி வரக்கூடும், அதை நிறமாலையால் கண்டறியலாம் என்று அவர் கூறினார். ஆனால் அவர் சொல்லை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் கோள்களைத் தேடியவர்களும், வியாழனைப் போலப் பல ஆண்டுகளில் சுற்றும் கோளையே எதிர்பார்த்துப் பொறுமையோடு காத்திருந்தனர். நான்கு நாளில் சுற்றும் கோளை அவர்கள் தேடவே இல்லை. இருக்காது என்று எண்ணியதை யார்தான் தேடுவர்?

அந்தப் பெருங்கோள் அங்கே எப்படி வந்தது? அது பிறந்த இடம் தொலைவிலேயே இருந்திருக்க வேண்டும் என்றும், தன்னைச் சூழ்ந்த வாயுத் தட்டோடு கொண்ட ஈர்ப்பினாலோ வேறு கோள்களின் இழுப்பினாலோ உள்நோக்கி நகர்ந்து வந்திருக்கலாம் என்றும் இன்று விளக்குகின்றனர். கோள்கள் பிறந்த இடத்திலேயே இருந்துவிடுவதில்லை. இடம் பெயர்வதும் உண்டு என்பதை இதனால் அறிந்தோம்.

எத்தனை எத்தனை விதங்கள்!

அதன் பிறகு கதவு திறந்துவிட்டது. 2009ஆம் ஆண்டில் விண்ணுக்கு அனுப்பப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி, மறைப்பு முறையைக் கையாண்டு, 2018இல் ஓய்வு பெறும் வரை திரட்டிய செய்திகளிலிருந்து 2,600க்கும் மேற்பட்ட கோள்கள் அறியப்பட்டன. வேற்று விண்மீன்களின் கோள்களில் உறுதி செய்யப்பட்டவை 6,000 ஆகிவிட்டன என்று 2025 செப்டம்பரில் நாசா அறிவித்தது. அவற்றுள் சில விந்தைக் குடும்பங்களை மட்டும் இங்கே காண்போம்.

கெப்ளர்-16 என்னும் குடும்பத்தில் கதிரவன்கள் இரண்டு. ஆரஞ்சு நிறமுள்ளது ஒன்று, சிவந்த சிறியது மற்றொன்று. இரண்டும் 41 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவ்விரண்டையும் சேர்த்துச் சனியின் அளவுள்ள ஒரு கோள் 229 நாளில் சுற்றி வருகிறது. 2011இல் இது அறிவிக்கப்பட்டது. அங்கே நின்று பார்ப்பவர் இருந்தால், ஒரே மாலையில் இரண்டு கதிரவன் மறைவதைக் காண்பார்!

எச்டி 80606 என்னும் விண்மீனின் கோள், வால்மீனைப் போல மிக நீண்ட பாதையில் 111 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. ஒரு முனையில் பூமி கதிரவனிலிருந்து இருக்கும் தூரத்திற்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கும் அது, மறுமுனையில் விண்மீனை மிக நெருங்கிப் பாய்ந்து திரும்புகிறது. அவ்வாறு நெருங்கும்போது ஆறு மணி நேரத்தில் அதன் வெப்பம் சுமார் 700 டிகிரி உயர்வதை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அளந்து காட்டியது. காலையில் பள்ளிக்கு வந்து மாலையில் வீடு திரும்புவதற்குள் எத்தகைய கோடை!

2009ஆம் ஆண்டில் கண்ட வாஸ்ப்-17 விண்மீனின் கோள், தன் விண்மீன் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. வியாழனில் பாதி எடையே கொண்ட அது, வியாழனைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விட்டத்திற்கு ஊதிப் பெருத்திருக்கிறது.

டிராப்பிஸ்ட்-1 என்னும் குடும்பம் சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. பெல்ஜிய வானியலார் சிலி நாட்டில் அமைத்த தொலைநோக்கியின் பெயரால் இது வழங்குகிறது. அப்பெயரோ பெல்ஜியத்தில் நன்கறியப்பட்ட டிராப்பிஸ்ட் துறவியரை நினைவூட்டுவது. இந்த விண்மீன் கதிரவனில் நூற்றில் ஒன்பது பங்கு எடையே உடையது. அளவில் வியாழனை விடச் சற்றே பெரியது. அதைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பது 2017இல் அறிவிக்கப்பட்டது. ஏழும் ஏறத்தாழப் பூமியின் அளவே. முதற்கோளுக்கு ஓராண்டு என்பது ஒன்றரை நாள். ஏழாவது கோளுக்குச் சுமார் 19 நாள். ஏழு பாதைகளையும் சேர்த்தாலும் நம் புதனின் பாதைக்குள் அடங்கிவிடும். விண்மீன் மங்கலானது ஆதலால், அவற்றுள் சிலவற்றில் நீர் நீராகவே இருக்கும் அளவு வெப்பம் இருக்கலாம். ஆனால் அங்கே காற்று உண்டா என்பது வேறு கேள்வி. முதற்கோளில் தடித்த காற்று மண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் 2023இல் தெரிவித்தனர்.

தாளம் தவறாத குடும்பமும் ஒன்று உண்டு. சுமார் 100 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்டி 110067 என்னும் விண்மீனின் ஆறு கோள்களைப் பற்றி 2023இல் அறிவித்தனர். முதற்கோள் மூன்று சுற்றுச் சுற்றும்போது இரண்டாவது இரண்டு சுற்று. இரண்டாவது மூன்று சுற்றும்போது மூன்றாவது இரண்டு சுற்று. இவ்வாறு கணக்குத் தவறாமல் சென்று, முதற்கோள் ஆறு சுற்று முடிக்கும்போது ஆறாவது கோள் ஒரு சுற்று முடிக்கிறது. கோலாட்டத்தில் கோல் தவறாமல் அடிப்பதற்கே நாம் எத்தனை நாள் பயிற்சி செய்கிறோம்! பிறந்த நாள் முதல் கோடானுகோடி ஆண்டுகளாக அவை தாளம் தவறாமல் ஆடி வருவதாக எண்ணுகின்றனர்.

முன்னே சொன்ன பர்னார்டு விண்மீன் என்ன ஆயிற்று? 2025ஆம் ஆண்டில் அதைச் சுற்றும் நான்கு கோள்கள் உறுதியாயின. ஆனால் அவை வான் டி காம்ப் எண்ணியவை அல்ல. அவர் சொன்னது வியாழனைப் போன்ற பெருங்கோள். இவையோ நான்கும் பூமியை விடச் சிறியவை. ஏழு நாளுக்குள் தம் விண்மீனைச் சுற்றி முடிப்பவை. அவர் வாழ்நாள் முழுதும் பார்த்த இடத்திலேயே கோள்கள் இருந்தன. ஆனால் அவர் எதிர்பார்த்த வடிவில் இல்லை.

விந்தை எது?

இத்தனை குடும்பங்களையும் விந்தை என்கிறோம். ஆனால் ஒரு கணம் சிந்திப்போம். விந்தை என்பது யாரை வைத்து? பூமியை விடப் பெரியதும் நெப்டியூனை விடச் சிறியதுமான கோள்களே விண்மீன்களின் அருகே மிகுதியாகக் காணப்படுகின்றன. அவ்வகைக் கோள் நம் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை! அந்தக் குடும்பங்களிலிருந்து பார்த்தால் நாமே விந்தையாகத் தோன்றுவோம்.

அதற்காக நம் குடும்பம்தான் அபூர்வமானது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அதுவும் அவசரமே. பெரிய கோளும், விண்மீனுக்கு அருகில் விரைந்து சுற்றும் கோளும் நம் கருவிகளுக்கு எளிதில் அகப்படுகின்றன. பூமியைப் போன்ற சிறு கோள் ஆண்டுக்கு ஒரு முறை மெதுவாகச் சுற்றுமாயின், அதனால் விண்மீனுக்கு நேரும் அசைவு விநாடிக்கு 9 சென்டிமீட்டர் அளவே. பெரிய கண்ணுள்ள வலையை வீசினால் பெரிய மீன்களே அகப்படும். அதைக் கொண்டு கடலில் சிறு மீன் இல்லை என்று சொல்ல முடியுமா? அன்று ஒரே குடும்பத்தைப் பார்த்துச் சட்டம் எழுதியது தவறானால், இன்று எளிதில் தெரிவதை மட்டும் பார்த்துச் சட்டம் எழுதுவதும் தவறேயாகும்.

இறுதியாக ஒரு செய்தி. 2019ஆம் ஆண்டில் உலக வானியல் சங்கம் ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு விண்மீனுக்கும் அதன் கோளுக்கும் பெயரிடும் வாய்ப்பைத் தந்தது. நம் நாட்டிற்குக் கிடைத்த விண்மீனின் பெயர் இப்போது 'பிபா'. அண்டக் கதிர்களை ஆராய்ந்த இந்தியப் பெண் விஞ்ஞானி பிபா சௌத்ரியின் நினைவாக வைத்த பெயர் அது. வங்க மொழியில் ஒளிக்கதிர் என்றும் பொருள்படும். 1913இல் பிறந்து 1991இல் மறைந்த அவரை, வாழ்ந்த காலத்தில் அறிந்தோர் சிலரே. அவ்விண்மீனின் கோளுக்குச் 'சந்தமசா' என்று பெயர். அதுவும் ஒரு விந்தைக் கோள்தான்; இரண்டு நாளும் சுமார் மூன்று மணி நேரமுமே அதற்கு ஓராண்டு.

தோழியரே, இன்றிரவு வானத்தைப் பார்க்கும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான். அந்தக் குடும்பங்கள் நாம் காண்பதற்கு முன்பும் அங்கே இருந்தன. நாம் 'இருக்காது' என்று சொன்னபோதும் அவை சுற்றிக்கொண்டே இருந்தன. அவற்றை நம்மிடமிருந்து மறைத்தவை தொலைவும் ஒளியும் மட்டுமல்ல. எல்லாம் நம்மைப் போலவே இருக்க வேண்டும் என்ற நம் எண்ணமும்தான். சென்னையில் ஜேக்கப் துணிந்து கேட்டார், தவறினார். அட்லாண்டாவில் லைன் தவறினார், துணிந்து ஒப்புக்கொண்டார். கேட்கும் துணிவும், தவறை ஒப்புக்கொள்ளும் பணிவும் சேர்ந்தே நம்மை உண்மைக்கு அழைத்துச் சென்றன. இறைவனின் படைப்பு நம் நோட்டுப் புத்தகத்தில் வரைந்த எட்டு வட்டங்களில் அடங்கிவிடுவதில்லை. அதை அறிந்து, இன்னும் காணாதவற்றிற்காக மனத்தைத் திறந்து வைத்திருப்போமாக!